பன்னிரண்டு விரிப்புகள்

நான்காம் பாரத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுக்க வந்தவர் பழனிக்காரர். கொடைக்கானல் குளிருக்கு இரண்டு மப்ளர் சுற்றியும் தும்மிக்கொண்டே இருப்பார். ஆனால் ரொமாண்டிக் கவிதை என்று வந்துவிட்டால் அவருக்குக் குளிரும் தெரியாது, மணியடித்ததும் தெரியாது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எங்களை நடிக்கச் சொல்வார். ஒருத்தி ஓடை, ஒருத்தி காற்று, ஒருத்தி தனியே நடந்துபோகும் கவிஞன். நான் பாறை. முக்கால் மணி நேரம் அசையாமல் நின்று நல்ல பாறை என்று பேர் வாங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தார். மேகம் இறங்கும்போது அதற்குள் தனியாக உட்கார வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. மனதில் தோன்றுவதை எழுத வேண்டும். நன்றாக எழுதியவள் ஆண்டுவிழா மேடையில் வாசிக்கலாம். அந்த மேடை எனக்கு வேண்டும் என்று அன்றிரவே முடிவுசெய்துவிட்டேன்.

அப்பா இல்லாத எங்கள் வீட்டில், ஒரு லாட்ஜுக்கு அம்மா துணி துவைத்துக் கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. மறுநாள் பன்னிரண்டு விரிப்புகள் கொடியில் கிடந்தன. முந்தின வாரமே தாமதம். இந்தமுறையும் சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்கக் கிளம்பிய அம்மா என்னிடம், “மேகம் கண்ணுல பட்டதுமே வெரசா எடுத்து உள்ள போட்ரு தாயி. வேற சோலி பாக்காத” என்றாள்.

மேகம் கண்ணில் பட்டது. நோட்டோடு கொடிக்குக் கீழேயே உட்கார்ந்தேன். முதலில் எதிர்மலை மறைந்தது, பிறகு பக்கத்து வீட்டு முள்ளங்கிப் பாத்தி, பிறகு விரிப்புகள். எழுந்திருக்கக் கூடாதென்று வாத்தியாரே சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். இந்த மேகம் என்றைக்கும் விலகாதிருக்கட்டும் என்று எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. அம்மா வந்து விரிப்பைத் தொட்டாள். ஈரம் சொட்டியது.

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. கரியை ஊதி, ஈர விரிப்பின்மேல் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே, அப்படி என்னதான் எழுதினாய், வாசி என்றாள். தமிழாக்கிச் சொன்னேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“மேகம் இம்புட்டு அழகாவா இருக்கு?” என்றாள். “நான் பாத்ததே இல்லையே.”

இந்த மலையிலேயே பிறந்தவள் பார்க்காமலா இருப்பாள், கிண்டல் செய்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் ஏழு விரிப்புகள்தான் காய்ந்தன. லாட்ஜுத் துணி வேறு வீட்டுக்குப் போயிற்று. அம்மா காய்கறித் தோட்டத்துக் கூலிக்குப் போகத் தொடங்கினாள். ஆண்டுவிழாவில் நான் வாசித்தேன், கடைசி வரியோடு. இங்கிலீஷ் தெரியாத அம்மா பின்வரிசையில் நின்று எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினாள்.

வீடு திரும்பும் வழியில் மேகம் இறங்கியது. அம்மா பாதையிலேயே நின்றுவிட்டாள். ஓடிப்போய் எடுக்க அன்று கொடியில் ஒன்றும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கோ பசி. நேரமாகுது, வாம்மா என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.