எங்கடி போற?

பாச்சை உருண்டை வாசனை அடித்தால் எல்லாருக்கும் துணிப்பெட்டி ஞாபகம் வரும். எனக்கு மதலேன் ஞாபகம் வரும்...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வாக்கில் என்று வையுங்கள். அந்த வருஷம் மாசி மகம் சனிக்கிழமையில் வந்தது. எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. மயிலத்து முருகன், இன்னும் எங்கெங்கிருந்தோ சாமிகள்... எல்லாம் கடலில் முழுக்குப் போட வந்திருந்தன. அந்த வெயிலில் என் சிநேகிதி மதலேன் கறுப்புக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள்!

அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். குடும்பத்தை பிரான்சுக்குக் கூப்பிட்டிருந்தார். மறுநாள் ரயில். பம்பாய் போய், அங்கிருந்து கப்பல். கோட்டு அவர் யார் கையிலோ கொடுத்தனுப்பியது.

"வேர்க்கலையாடி?"

"அங்க எல்லாரும் இதான் போடுவாங்க. இப்பவே பழகிக்கிறேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறவிக் குணம். பனி கொட்டினால் குடை பிடிப்பார்களா? அங்கே மத்தி மீன் கிடைக்குமா? வெள்ளைக்காரன் வீட்டு நாயைத் தமிழில் விரட்டினால் ஓடுமா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள் மகராசி. பாதி புளுகு என்று அப்போதே தெரியும்.

எனக்கு நிஜமாகத் தெரியவேண்டியது ஒன்றுதான். இவள் திரும்பி வருவாளா? சாமிகள் கரையேறும்போது கேட்டுவிட்டேன்.

"சாமிங்கல்லாம் குளிச்சுட்டு அதது ஊருக்குத் திரும்பிப் போயிடுதே... நீ எப்ப வருவ?"

"சுண்டல் வாங்கலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டே அம்மா மிரட்டினாள். "அவங்க ஊட்டுக்குப் போற, சரி. கிளம்புற நேரத்துல எங்க, எப்பன்னு வாயத் தொறந்தே... சூடு வச்சுடுவேன், ஆமா."

பயணம் புறப்படுகிறவர்களை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். மதலேன் வீட்டில் மாதா படமும் மெழுகுவத்தியும்தான். ஆனால் சகுனத்துக்கு மதம் ஏது? இந்த விஷயத்தில் அவள் அம்மா எங்கள் அம்மாவுக்கும் ஒரு படி மேல்!

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் குதிரை வண்டியில் பெட்டிகளை ஏற்றினார்கள். மதலேன் கோட்டோடு ஏறி உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வண்டி நகர்ந்தது...

"ஏய்! எங்கடி போற?"

ஊர் பேரைத்தான் கேட்டேன். சத்தியமாக! 'பிரான்ஸ், பிரான்ஸ்' என்றாளே தவிர, எந்த ஊர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வண்டி நின்றது. அவள் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"அடிப் பாவி! உன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! எறங்குங்க எல்லாரும். உள்ள உக்காந்து தண்ணி குடிச்சுட்டு அப்புறமா கிளம்பலாம்."

"ரயிலு உங்களுக்காவ நிக்காதும்மா" என்றார் வண்டிக்காரர்.

"நீ சும்மா இருய்யா!"

காலி வீட்டில் வெறும் தரையில் உட்கார்ந்தோம். சொம்பு, டம்ளர் எல்லாம் மூட்டைக்குள் போய்விட்டதால் பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது. மதலேன் ஒரு மடக்கு குடித்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"எந்த ஊருன்னு எனக்கே தெரியாதுடி. பயமா இருக்கு. திரும்பி வருவேனான்னும் தெரியல..."

அவள் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். மூக்கு நிறைய அந்தப் பாச்சை உருண்டை வாசனை.

அப்புறம் போய்விட்டார்கள். ரயிலும் கிடைத்துவிட்டதாம். அன்றைக்கு அம்மாவிடம் எனக்கு விழுந்த அடியைத்தான் இன்னும் மறக்கவில்லை!

மதலேன் திரும்பி வந்தாள். ரொம்ப வருஷம் கழித்து, அங்கே பென்ஷன் வாங்கிய பிறகு, குளிருக்குப் பயந்து அடிக்கடி இங்கே ஓடி வர ஆரம்பித்தாள். சாரம் பக்கம் இருக்கிற என் வீட்டில்தான் டேரா. இப்போது யாரையும் எங்கே என்று கேட்கவே வேண்டாம். அவள் போகிற ப்ளேன் எந்தக் கடலுக்கு மேலே இருக்கிறது என்று என் பேரன் செல்போனிலேயே காட்டிவிடுகிறான்.

போன மாதமும் வந்திருந்தாள். இதுதான் கடைசித் தடவை, இனிமேல் ப்ளேன் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வந்த அன்றைக்கே சொன்னாள். அதற்கப்புறம் ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றேன். கார் கதவில் கை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி... ஒண்ணும் கேக்க மாட்டியா?"

படியிறங்கிப் போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கடி போற?"

கைப்பையை டாக்ஸி சீட்டில் போட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே நடந்து வந்து சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போ, தண்ணி கொண்டா."