முப்பத்தெட்டு டிகிரிக் கோடு

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ரூட் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்து சர்வரில் எதையும் மாற்ற விடும் ரூட் பாஸ்வேர்டு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதால் வந்த பெயர். சேர்ந்தது டைப்பிஸ்டாக. அப்போதிருந்த இன்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனதும், "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சர்வரை அவள் தலையில் கட்டினார்கள். டைப்படிக்கத் தெரிந்தவளுக்கு சர்வரை ஓட்டும் லினக்ஸும் தெரியும் என்று நினைக்கிறவர்கள்தான் எல்லா இடத்திலும் மேலதிகாரியாக இருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் திட்டு வாங்கித் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டாள். கூடவே கொஞ்சம் கர்வமும் வந்து ஒட்டிக்கொண்டது.

சர்வரின் சூட்டை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து திரையில் கோடாக வரையும் நிரலை அவளே எழுதியிருந்தாள். இதற்கென்றே பக்குவமான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது வேண்டாமாம், சொந்தமாகச் செய்தால்தான் திருப்தியாம். வீட்டில் மாமியார்கூட, "பெட்டிக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாத்துட்டியா?" என்று கேலி செய்வாள்.

மூன்று வாரமாக அந்தப் பெட்டி பிற்பகல் மூன்று மணி வாக்கில் தானாக அணைந்துகொண்டிருந்தது. வார்டுகளுக்கு எல்லா ரிப்போர்ட்டும் ஒன்றாகப் போகிற நேரம் அது. ரத்த ரிப்போர்ட் வராமல் இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போனதும் சூப்பிரண்டு கொதித்துப்போனார். காரணம் சூடா, மின்சாரமா? ரூட் அக்காவின் கோட்டைக் கேட்டார். அது முப்பத்தெட்டு டிகிரியில் கிழித்த கோடாக நின்றது. சூடு இல்லை. அப்படியென்றால் மின்சாரம்தான். மூன்று வாரத்துக்கு முன் சர்வரை அணைத்து யுபிஎஸ் ஒயரை மாற்றியவர் வயர்மேன். இருபது வருஷமாக ஒப்பந்தத்தில் இருப்பவர், அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் இருந்தது. குற்றக் கடிதம் கோப்பில் ஏறினால் அந்தப் பெயர் போய்விடும். இன்று நாலு மணிக்கு அதில் சூப்பிரண்டின் கையெழுத்து.

"பாவம் மனுஷன்" என்று உச்சுக் கொட்டியதோடு ரூட் அக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டு மணிக்குக் கோப்பில் வைக்க அந்தக் கோட்டை அச்செடுத்தாள். கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் உறுத்தியது. நேற்று மூன்று மணிக்கு, அணைவதற்கு ஒரு நிமிடம் முன்புகூட முப்பத்தெட்டு. பெட்டி மூச்சு வாங்க வேலை செய்கிற நேரத்தில் இரண்டு டிகிரிகூட ஏறாதா? பழைய தாள்களைப் புரட்டினாள். மூன்று வாரத்துக்கு முன்வரை கோடு ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஏறி இறங்கியது. யுபிஎஸ் ஒயர் மாற்றிய அந்த சனிக்கிழமைக்குப் பிறகு படுத்தே கிடக்கிறது. வயர்மேன் கரண்டை நிறுத்தியிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் இவள் பெட்டியைத் திறந்து தூசி தட்டியிருந்தாள். சூடு குறைந்தது தன் கைராசி என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

எழுந்துபோய்ப் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

பெட்டிக்குள் எத்தனை சென்சார் இருக்கிறது, விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பெயரோடு காட்டும் மென்பொருள் இப்போதே வேண்டும். லினக்ஸில் அதை ரெப்போவிலிருந்து, அதாவது இணையத்தில் இருக்கும் மென்பொருள் கிடங்கிலிருந்து, இறக்க வேண்டும். கட்டளை கொடுத்தாள். அந்த முகவரியில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. சர்வரில் இருந்த பதிப்பு அவ்வளவு பழையது, கிடங்கையே மூடிவிட்டிருந்தார்கள்.

இரண்டு இருபது. அவசரத்தில் அடுத்த பதிப்பின் கிடங்கு முகவரியை எழுதிவிட்டு மறுபடி கொடுத்தாள். திரையில் ஒரு பட்டியல் விழுந்தது. கடைசியில் வழக்கமான கேள்வி: தொடரலாமா? பதினெட்டு வருஷமாக ஆமாம் என்பதற்கு 'ஒய்' தட்டிப் பழகிய விரல் தானாகப் போய் அந்த எழுத்தின் மேல் நின்றது. நல்ல வேளையாகக் கண் ஒரு வரி மேலே போனது. இருநூற்றுப் பதினான்கு மென்பொருட்கள் நீக்கப்படும் என்றிருந்தது. அதில் நோயாளிகளின் ரிப்போர்ட் முழுவதையும் வைத்திருக்கும் மென்பொருளும் ஒன்று. விரலை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

போன் அடித்தது. பரிசோதனைக் கூடத்துப் பெண்.

"ரூட் அக்கா, ரிப்போர்ட் அனுப்ப ஆரம்பிக்கட்டுமா?"

"அரை மணி நேரம் பொறுத்துக்கோம்மா. ஒண்ணுகூட அனுப்பாதே."

"டாக்டர் கத்துவாரேக்கா."

"என்னைச் சொல்லு. கத்தட்டும்."

பழைய பதிப்புகளுக்கென்று தனியாக ஒரு காப்பகக் கிடங்கு இருப்பதைத் தேடிப் பிடித்தாள். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். இந்த முறை எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு மென்பொருள் இறங்கியது. மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தபோது திரை நிறைய எண்கள் வந்தன. கணக்குப் போடும் பிராசஸர், எண்பத்தொன்பது டிகிரி. தகவலைச் சேமிக்கும் டிஸ்க், முப்பத்தெட்டு. விசிறி, பூஜ்யம்.

சென்சார்களுக்கு லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் வரிசை எண் போடும். இன்று இரண்டாவதாக நின்றது நாளை மூன்றாவதாகலாம். பெயரைக் கேட்க வேண்டிய இடத்தில் 'இரண்டாவது யாரோ அவரைக் கேள்' என்று எழுதியிருந்தாள் இந்தக் கெட்டிக்காரி. சனிக்கிழமை கரண்ட் போய் வந்ததும் பிராசஸர் நின்ற இரண்டாவது இடத்துக்கு டிஸ்க் வந்துவிட்டது, பிறகு ஒவ்வொரு முறை எழுந்தபோதும் அங்கேயே நின்றது. மூன்று வாரமாக அவள் பெருமையோடு காட்டியது டிஸ்க்கின் சூட்டை.

சர்வரை அணைத்துப் பெட்டியைத் திறந்தாள். தூசி தட்டியபோது அவள் ஒதுக்கி வைத்த ஒயர் ஒன்று விசிறி இறக்கைக்குள் சிக்கியிருந்தது. இழுத்துவிட்டாள். மறுபடி போட்டதும் சுற்றியது. அவ்வளவுதான். இனி பெட்டி அணையாது. ஒயரைப் பார்த்த கண் இந்த உலகத்திலேயே அவளுடையது மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள்.

மூன்றே முக்காலுக்கு சூப்பிரண்டு அறைக்குள் போனாள். சுவரோரம் வயர்மேன் நின்றிருந்தார். மேஜைமேல் ஒரு தாள்.

"இனி பிரச்சனை இல்ல," என்றார் சூப்பிரண்டு. "தப்பு என்மேலதான்னு இவரே எழுதிக் குடுத்துட்டார்."

அவள் வயர்மேன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணா எழுதினீங்க?"

"மூணு தடவ பிரிச்சு மாட்டிட்டேம்மா. எங்க தப்புன்னு எனக்கே தெரியல. ஆனா உங்க கோடு சரியாத்தானே இருக்கும்."

சொன்னாள். வரிசை எண், சிக்கிய ஒயர், தூசி தட்டியது, பீற்றிக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்களுக்கு மெமோ வரும்."

"குடுங்க சார். முதல்ல அந்தத் தாளக் குடுங்க."

தாளை வாங்கி வயர்மேன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைக் கிழிக்கவில்லை, மடிக்கவுமில்லை. மூன்று வாரமாகச் சந்தேகப்பட்ட தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் பண்ணின வேல சரியாத்தாம்மா இருந்துச்சு?"

"சரியாத்தாண்ணா இருந்துச்சு," என்றாள்.