தன் காருக்கு ஆவடி என்று பெயர் வைத்தவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் ஏதோ மின்விசிறிக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் முனுசாமி வந்து நின்றார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். பார்த்து ஏழு வருடம் இருக்கும். "ஏகாம்பரம் பூட்டாரு சார். காலைல வேலைக்கிக் கெளம்ப சொல்லோ நெஞ்சப் புடிச்சுகினு உக்காந்தவருதான்" என்றார். நான் முதலில் கேட்டது, "என்னைப் பற்றி எப்போதாவது பேசினாரா?" என்று. செத்தவர் வீட்டுச் செய்தி கொண்டுவந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? முனுசாமி தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார்" என்றார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஏகாம்பரத்தை அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கைராசியான டிங்கர் என்று அறிந்திருப்பீர்கள். பஸ்ஸோ லாரியோ, நசுங்கிய தகரத்தைப் பழையபடி ஆக்கித் தருபவர் என்று. அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

ஏகாம்பரம் ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டுக்காரர். அவருடைய அப்பா ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். மகன் ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, தகர வேலையும் வெல்டிங்கும் கற்று, அறுபதுகளின் கடைசியில் எஸ்டேட்டில் ஒரு கொட்டகை எடுத்தார். விற்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது வாய்தான் மூலதனம். உள்ளூர்க் கார் ஒன்றின் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் வாங்கி, இன்ஜினைப் பிரித்து வேகம் ஏற்றி, மேலே ஃபைபரில் தாழ்வான உடம்பு கட்டினார். இரண்டு பேர் உட்காரலாம். உடம்பு தேய்த்து முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்ப்பார். "கண்ணு பொய் சொல்லும் நைனா, கை சொல்லாது" என்பார். எங்காவது கை நின்றால் அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும். அப்படி அந்த ஒரு காருக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அதற்கு ஆவடி என்று பெயர் வைத்தார். தானே பித்தளையில் எழுத்து வெட்டி முன்பக்கம் பதித்தார்.

சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார் ஓட்டம் நடக்கும். அங்கே கொண்டுபோனோம். சீமைக் கார்களுக்கு நடுவே எங்கள் வண்டி இரண்டாவதாக வந்தது. கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. தொட்டுப் பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் பெயரைப் படித்தார். "ஆவடியா? அப்போ இது காரில்ல, டாங்க்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட விலை கேட்கவில்லை. திரும்பும் வழியில், பாடி ஊரைத் தாண்டியதும் ஏகாம்பரம் சொன்னார்: "சீமையில அவனவன் ஊரு பேர வெக்கறான், அப்பன் பேர வெக்கறான். நாம அத்த வாய் நெறயச் சொல்றோம். நான் எங்க ஊரு பேர வெச்சா மட்டும் இன்னாத்துக்கு நைனா சிரிக்கறான்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் வேகத்தை வாங்குவதில்லை. நம்முடைய சாலையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் அவன் எத்தனை வேகத்தில் போய்விடப் போகிறான்? இறங்கும்போது பார்க்கிறவன் என்ன நினைக்கிறான், அதைத்தான் வாங்குகிறான். அந்த நினைப்பை ஆவடி என்ற பெயர் தராது. அயல்நாட்டுக் கார் இறக்குமதிக்கு வழியில்லாத காலம் அது. தூதரகத்து ஆட்கள் விட்டுப்போன பழைய வண்டிக்கே மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். அவர் ஒரு வாரம் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தபோது பச்சை நிறத்தில் இருந்த வண்டிக்கு முனுசாமியை வைத்துச் சிவப்பு அடித்தேன். பித்தளை எழுத்தைக் கழற்றினேன். பக்கத்துத் தெருவில் பெயர்ப்பட்டை அடிப்பவரிடம் சிறகு விரித்த ஒரு பறவையும், அதற்குக் கீழே 'வல்தோரா' என்ற பெயரும் செய்து வாங்கி மாட்டினேன். அந்தப் பெயருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. வெளிநாட்டுத் தயாரிப்பு, இங்கே இணைத்துப் பூட்டப்பட்டது என்று நோட்டீசும் அச்சடித்தேன்.

திரும்பிவந்த ஏகாம்பரம் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். "பெத்தவன் உசுரோட கீறேன் நைனா. புள்ளைக்கு வேற அப்பன் பேரா?" என்றார். கொட்டகையில் வேலை செய்த நாலு குடும்பங்களைக் காட்டி நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், அதுதானே என் தொழில்! கடைசியில், "சரி, இன்னாவோ செய்" என்று போய்விட்டார்.

அடுத்த வாரமே ஒரு டாக்டர் வந்தார். மூன்று மாதம் முன்பு இதே வண்டியைப் பச்சையில் ஓட்டிப் பார்த்து, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, சத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனவர். இப்போது சிவப்பில் ஓட்டினார். இறங்கும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஸ்டியரிங் எவ்வளவு உறுதி பாருங்கள்! அந்தச் சத்தம் ஒன்று போதுமே" என்றார். ஏகாம்பரம் சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். அன்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அது.

டாக்டர் அடுத்த வண்டிக்குச் சொல்லிவைத்தார். இன்னும் இரண்டு பேரும் சொல்லிவைத்தார்கள். டாக்டருக்கு முன்பே பணம் கட்டி இந்த வண்டியை வாங்கியவர் பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகன் சேகர். எடுத்துப்போக வந்த அன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் நின்றார். சேகர் உடம்பைத் தடவிப் பார்த்து, "என்னா வழவழப்பு! நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தார். நான் சாவியை சேகர் கையில் கொடுத்து, "வராதுங்க" என்றேன்.

நான்கு மாதம் கழித்து முன்சக்கரத்தைத் தாங்கும் பிடியில் விரிசல் கண்டது. சேகர் வந்து சொன்னபோது, பாகம் கப்பலில் வர வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றேன். உள்ளூர்ச் சரக்கு என்றால் மறுநாளே கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் காத்திருக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு மரியாதை. பொய்யைச் சொன்னால் அதன் தாமதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஏகாம்பரம் அன்று மாலையே புதுப் பிடியைச் செய்து முடித்துவிட்டார். நான் அதைக் கொடுக்க விடவில்லை. வண்டியை ஓட்டாமல் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். சேகர் நிறுத்தவில்லை. வல்தோரா வைத்திருப்பவன் மூன்று மாதம் பஸ்ஸில் போவானா?

பத்தாம் நாள் சேகர் அந்த வண்டியில் போவதை ஏகாம்பரம் கண்ணால் பார்த்துவிட்டார். என்னிடம் வந்தார். "சக்கரம் ஆடுது நைனா. என்னிக்காவது புட்டுகினா அந்தப் புள்ள பூடுவான்." இன்னும் ஒரு மாதம் பொறு என்றேன். "கார் ஓடணும், ஆள் ஊடு திரும்பணும். ரெண்டும் நடந்தாத்தான் அது வண்டி" என்றார். பிடியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்கு மிதித்தார். மண்டி வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றிப் புதுப் பிடியைப் பூட்டினார். பாகம் எப்படி அதற்குள் வந்தது என்று சேகர் கேட்டதற்கு, "நான்தான் செஞ்சேன். வண்டியே நான் செஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டார்.

வல்தோரா உள்ளூர் வண்டிதான் என்ற பேச்சு ஒரே வாரத்தில் பரவியது. வண்டிக்குச் சொல்லிவைத்திருந்த மூன்று பேரும் விலகிக்கொண்டார்கள். கொட்டகை மூடப்பட்டது. ஒரு உயிர் பிழைத்தது என்று நான் நினைக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதோடு நிற்காமல், எனக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும், இனி யாரிடமும் இதைப் பேசாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசையில் ஒரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். பூந்தமல்லி பக்கம் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கிப் பார்க்கவில்லை.

போன மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை பருத்திப்பட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. சேகர் வந்திருந்தார். தன் அப்பா எவ்வளவோ சொல்லியும் வண்டியைத் திருப்பித் தரவில்லையாம். "இன்னைக்கும் அப்படியே ஓடுதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாராவது கேட்டா வல்தோரான்னுதான் சொல்றேன். இவரு செஞ்சாருன்னா எவன் நம்புவான்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான் அல்லவா?

ஏகாம்பரத்தின் மகளுக்குப் பத்து வயதிருக்கும். அழுது வீங்கிய முகத்தோடு வண்டியருகே வந்து நின்றது. "அம்மா சொல்லும், இத்த அப்பாதான் செஞ்சாருன்னு. நான் கேட்டா அப்பா சிரிச்சுகினே பூடுவாரு. ஊட்டுல கீற நோட்டீசுல ஃபாரின்னு போட்டுகீது. அம்மா சும்மாத்தான சொல்லுது?" என்று என்னைக் கேட்டது.

பெற்ற மகளிடம்கூட வாயைத் திறக்காமல் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

"அம்மா சொன்னதுதாம்மா நிஜம். நோட்டீசு எழுதினவன் நான். அது பொய்" என்றேன். அந்தக் குழந்தை உடனே, "அப்போ அப்பா உசுரோட இருக்க சொல்லோ ஏன் வந்து சொல்லல?" என்று கேட்டது.

ஏகாம்பரம், உங்கள் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது உங்கள் மகளின் இந்தக் கேள்வி ஒன்றுதான்.