சித்தப்பா தூக்கிய இரண்டு விரல்

யாங்கோனில் வேலை பார்த்த ஆஸ்திரேலியர்கள் சிலர் தங்கள் ஊர்ப் பந்தாட்டத்துக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், ஆளையே பிடித்துத் தள்ளலாம். அவர்களில் ஒருவருக்குக் கார் ஓட்டிய என் சித்தப்பாவுக்கு உதைக்க வராது என்பதால் கோல் நடுவராக்கிவிட்டார்கள். பர்மியக் கைலியான லோஞ்சிக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றால் ஹைகோர்ட் நீதிபதியே தோற்றுப்போவார். வீட்டில் அவர் பேச்சை யாரும் சட்டை செய்ததில்லை. அங்கே அவர் விரலைத் தூக்காமல் கோல் கிடையாது.

எனக்குப் பத்து வயதில், பாங்காக்கிலிருந்து ஓர் அணி கோப்பைக்கு ஆட வந்தது. யாங்கோனுக்குப் பக்கத்துத் தன்லியினில் வாடகை மைதானம். கடைசி நிமிடத்தில் நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் அணித் தலைவர் உதைத்த பந்து உயரக் கம்பங்களுக்கு நடுவே பறந்தது. கோல் என்றால் நடுவர் இரண்டு விரல் தூக்குவார், ஆறு புள்ளி; வழியில் எதிராளி கை பட்டிருந்தால் ஒரு விரல், புள்ளியும் ஒன்றே ஒன்று.

பட்டது. கம்பத்துக்குப் பின்னால் நின்ற நானும் பார்த்தேன். சித்தப்பா ஒரு விரலைத் தூக்கினார்.

அப்படியென்றால் தோற்றோம். படவே இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி, எங்கள் ஆட்களுக்கும் தெரிந்த பர்மியத்தில் கத்தினேன். எங்கள் ஆட்கள் சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“பாப்பா, நெசமாவே பாத்தியா?”

“சாமி சத்தியமா படல சித்தப்பா.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரல்களைத் தூக்கினார்.

என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். சித்தப்பா மட்டும் பந்தைத் தொட்ட அந்தப் பாங்காக் ஆட்டக்காரரிடம் போய், அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். திரும்பும் வழியில் எனக்கு ஒரு கிண்ணம் மொகிங்கா, மீன்சாற்று நூடுல்ஸ், வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம், கண் சரியில்லை என்று சொல்லிக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே கண்ணோடு தினமும் கார் ஓட்டினார். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர, சங்கமும் கலைந்தது. உண்மையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியபோது, கேட்க சித்தப்பாவும் இல்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

என்னை நம்பித்தான் விரலை மாற்றினார் என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்க மனமில்லாமல் அவர் பொய்யரானார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.