போன ஹாஜியார் பஸ்யூனி

எகிப்தின் மன்சூரா நகரில் எங்கள் சந்து முனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்த பஸ்யூனிக்கு ஹஜ் குலுக்கலில் பெயர் விழுந்தபோது சந்தே கொண்டாடியது. அவர் திரும்பி வருவதற்குள் மச்சான்மார் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்து, கஃபாவையும் ஒரு விமானத்தையும் வரைந்து வைத்தார்கள். விமானம் பார்க்கக் கொஞ்சம் மீன் மாதிரி இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மக்காவிலிருந்து அவர் கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரை ஆளுக்கொரு மிடறு குடித்தோம், பேரீச்சம்பழம் தின்றோம், அவரைக் கட்டித் தழுவினோம்.

வினை மறுநாள் காலை ரொட்டிக் கடையில் வந்தது.

ரொட்டிக்காரர் அவாத் ஜன்னலில் தலையை நீட்டி, "வாங்க ஹாஜியார்!" என்றார். பஸ்யூனி கையை மார்பில் வைத்துத் தலை குனிந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். போய்ப் பார்த்தால், கரும்புச்சாறுக் கடை ஷெஹாத்தா ரொட்டியை வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இளம் வயதிலேயே தாடி வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து சந்துக்கே அவர் ஹாஜியார். மக்கா பக்கம் போனதில்லை. எங்கள் ஊரில் தாடி வெளுத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

"யாரைக் கூப்பிட்டே நீ?" என்றார் பஸ்யூனி.

"அவரும் ஹாஜியார், நீங்களும் ஹாஜியார். சூடா இருக்கு, கையைச் சுட்டுக்காதீங்க."

"இவன் எங்கே ஹஜ்ஜுக்குப் போனான்? ரயிலேறி பக்கத்து ஊரு தன்தா வரைக்கும் போயிருப்பான்! கால் கொப்புளிச்சது எனக்கு, பட்டம் இவனுக்கா?"

ஷெஹாத்தா சிரித்தார். "கொப்புளம்தான் கணக்குன்னா, என் மாமியார் வருஷா வருஷம் ஹஜ்ஜு செஞ்சவங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் பஸ்யூனியால் பொறுக்க முடியவில்லை.

அன்று முதல் அவருக்கு எல்லாவற்றிலும் உரிமை வந்துவிட்டது. பள்ளிவாசலில் முதல் வரிசை, டீக்கடையில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி, வேனில் டிரைவர் பக்கத்து இருக்கை. யாராவது உட்கார்ந்திருந்தால் எதிரே நின்று தொண்டையைச் செருமுவார். கடை கடையாக ஏறி இறங்கி, ஹஜ்ஜுக்குப் போகாதவனை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று எல்லாரிடமும் சொன்னார்.

கடைசியில் அவாத்துக்கு அலுத்துப்போனது. "சரி, உங்களைப் போன ஹாஜியார்னு கூப்பிடுறோம், அவரைப் போகாத ஹாஜியார்னு கூப்பிடுறோம். மனசு ஆறுச்சா?"

பஸ்யூனிக்கு ஆறியது. பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ஆனால் ஷெஹாத்தாவிடமிருந்து சாயங்காலம் இஸ்திரிக் கடைக்குத் தவறாமல் வரும் கரும்புச்சாறு நின்றுபோனது.

பஸ்யூனிக்குத் தமியாத்தில் தஹ்ஷான் என்று ஒரு சித்தப்பா மகன். அங்கே மரச்சாமான் பட்டறையில் வேலை. ஏதோ சோபா விஷயத்தில் இருவருக்கும் வெகுநாளாகப் பேச்சு இல்லை. அண்ணன் ஹஜ் போனதே அவருக்குத் தெரியாது. மனசு கேட்காமல் ஒரு நாள், பஸ்யூனியின் பழைய எண் கிடைக்காததால், அவாத்தின் கடைக்கு போன் போட்டார்.

"எங்க அண்ணன் பஸ்யூனி இருக்காரா?"

அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்த அவசரத்தில் அவாத், "யாரு, போன ஹாஜியாரா?" என்றார்.

"போனாரா? எப்போ?"

"போன மாசம்தான். உங்களுக்குத் தெரியாதா? சந்தே கூடி நின்னு வழியனுப்பி வெச்சோமே!"

மறுமுனையில் ஒரு கேவல் கேட்டது. அவாத் அதைக் கவனிக்காமல் ரொட்டியைத் திருப்பப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. தஹ்ஷானும், அவர் மனைவியும், அக்கா தங்கைகளும் கறுப்பு உடுத்தி இறங்கி, சந்து வாசலிலேயே, "ஐயோ பஸ்யூனி, எங்க சிங்கமே!" என்று ஓலமிட்டார்கள்.

அது காதில் விழுந்ததும் ஷெஹாத்தா ஓடும் மெஷினை அப்படியே விட்டுவிட்டார். ஈரக் கையோடு, தாடியெல்லாம் கண்ணீராக, எல்லாருக்கும் முன்னால் படியேறினார். "ஹாஜியாரே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

பஸ்யூனி பால்கனியில் பனியனோடு உட்கார்ந்து, வெள்ளைச் சீஸைத் தொட்டுக்கொண்டு தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

"என்னடா?"

ஷெஹாத்தா மூச்சு வாங்க நின்றார். பிறகு ஒரு தர்ப்பூசணித் தோலை எடுத்து அவர் மண்டையில் வீசினார். "மவுத்தாப் போயிட்டேன்னு கத்துறாங்க, நீ உக்காந்து பழமா திங்கிறே?"

"எனக்காகவா அழுதே?"

"கரும்புச் சக்கை கண்ணுல பட்டுருச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் நானும் குலுக்கல்ல பேரு குடுக்குறேன், பஸ்யூனி. விழ மாட்டேங்குது. நாலு பேரு ஹாஜியார்னு கூப்பிட்டா, ஏதோ கொஞ்சம் கிட்டப் போயிட்ட மாதிரி இருக்கும். அதையும் புடுங்கிட்டே."

பஸ்யூனி பழத்தின் நடுவில் விதையில்லாத நல்ல துண்டாக வெட்டி அவர் கையில் வைத்தார்.

அதற்குள் துக்கக் கூட்டம் உள்ளே வந்தது. இறந்தவர் எழுந்து நின்று வரவேற்றதைப் பார்த்து ஒரு தங்கை வீறிட்டாள். அதுதான் அன்றைக்கு உண்மையான அலறல்.

தஹ்ஷான் அண்ணனைத் தொட்டுப் பார்த்தார், கட்டிக்கொண்டார், அப்புறம் முகம் வாடினார். "நீ உசுரோட இருக்கிறது சந்தோஷம்தான். ஆனா நான் மூணு நாள் துக்க லீவு சொல்லிட்டு வந்திருக்கேனே! இன்னிக்கே திரும்பிப் போனா மேஸ்திரி என்னைப் பத்தி என்ன நெனைப்பான்?"

பஸ்யூனியின் மனைவி நஜாஃபா இடுப்பில் கை வைத்தாள். "இத்தனை பேரும் எங்கே படுப்பீங்க?"

"எங்க வேணும்னாலும் படுப்போம், அண்ணி. துக்கத்துக்கு வந்தவங்களுக்குச் சோறு போடுறது உங்க கடமை. திங்கிறது எங்க உரிமை."

உரிமையைப் பற்றி அந்த வீட்டில் யார் வாய் திறக்க முடியும்? நஜாஃபா கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாடியில் வளர்த்த வாத்துகளில் கொழுத்ததைப் பிடிக்கப் போனாள்.

விருந்தாளிகள் கட்டிலிலும் சோபாவிலும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள். பஸ்யூனிக்குச் சொந்த வீட்டில் உட்கார இடமில்லை. பகலெல்லாம் கரும்புச்சாறுக் கடையின் ஸ்டூலில்தான் இருந்தார்.

"உங்க ஆளுங்க எப்ப கிளம்புவாங்க, ஹாஜியாரே?" என்று டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்பார் ஷெஹாத்தா.

"அல்லாவுக்குத்தான் வெளிச்சம், ஹாஜியாரே," என்பார் பஸ்யூனி.