பஞ்சு சிக்கும் இடம்

கீழ்த்தாடைக்கான பல்செட் இடது உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தது. வலது கை உப்புத்தாளை அதன் விளிம்பில் ஓட்டியது. மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு ஊதல். ரோஸ் நிறத் தூள் பறந்தது. பிறகு சுண்டுவிரல் நுனி விளிம்பைத் தடவிக்கொண்டு போனது. முடிவுவரை போய், திரும்பவும் முதலிலிருந்து வந்தது. ஒன்றும் தெரியவில்லை. வழவழப்பும் சொரசொரப்பும் அந்த விரலுக்கு ஒன்றாகிவிட்டன.

அற்புதசாமி செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார்.

பாலக்கரையில் ஒரு மாடி அறையில் இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறார். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் பல் அடுக்கி, அச்சில் வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். கடைசிச் சோதனை சுண்டுவிரலுக்குத்தான். மற்ற விரல்களெல்லாம் உப்புத்தாளில் காய்த்துப்போனவை; சுண்டுவிரலுக்கு வேறு வேலை கிடையாது, அதனால் பிஞ்சாகவே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அது மரத்துப்போனது. முதலில் வலது, அப்புறம் இடது.

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு செட் திரும்பி வந்தது. ரெங்கம்மாள் என்ற பெரியம்மாவுக்கு ஈறில் குத்திப் புண்ணாகிவிட்டதாம். விளிம்பு குத்தித் திரும்பி வந்த முதல் செட் அது. புதிதாகச் செய்து வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்.

"இதுவும் குத்துச்சுன்னா நான் வேற லேபுக்குத்தான் அனுப்பணும்ணா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அதைத் திருப்பி அனுப்பிய பல் டாக்டர் பவித்ரா. எட்டு வருடமாக அண்ணா என்று கூப்பிடுகிறவர்.

வீட்டில் மனைவி செல்வமேரி செல்போனை நீட்டினாள். "இங்க பாருங்க, தில்லை நகர்ல நெட்டி எடுக்கிற டாக்டரு. கைரோபிராக்டராம். கழுத்த ஒரே திருப்பு, மடக்குனு சத்தம். அந்தாளு எந்திரிச்சு சிரிக்கிறான்."

"திருப்பி அப்படியே நின்னுட்டா?"

"நல்லதுதான். வண்டியில பின்னாடி வர்றவன கண்ணாடி இல்லாம பாக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போகலாம் என்று தோன்றியது. பேத்திக்குத் திருஷ்டி கழித்தால் செல்வமேரி தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பாள். எத்தனை சத்தமோ அத்தனை கண் கழிந்தது என்று கணக்கு. சத்தம் கேட்டால் மரப்பும் போய்விடும் என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் சிவசங்கருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கையில் ஒரு படிவம்.

"வலி எங்க சார்?"

"வலி இல்லீங்க."

"பத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"பூஜ்யம்."

டாக்டரின் பேனா நின்றது. "வலி இல்லாம இங்க வந்த மொத ஆளு நீங்கதான்."

"வலிச்சா நல்லாயிருக்கும் சார். விரல் இருக்குன்னாவது தெரியும்."

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல்களைத் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். "இப்ப," என்றார் அற்புதசாமி. இன்னொரு "இப்ப." அப்புறம் காத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது.

"சுண்டுவிரலுக்கு வந்துட்டீங்களா?"

"மூணு தடவை தொட்டாச்சு சார்."

டாக்டர் முழங்கைகளைப் பார்த்தார். இரண்டும் கறுத்துத் தடித்திருந்தன. உட்பக்கம் லேசாகத் தட்டியதும் சுண்டுவிரல்வரை கரண்ட் ஓடியது.

"மேசை விளிம்புல ஊன்றி வேலை செய்வீங்களோ?"

"ஊன்றலைன்னா கை ஆடும்."

குப்புறப் படுக்கவைத்து, மூச்சை விடச் சொல்லி, முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். மடக், மடக். அற்புதசாமி எண்ணினார். ஐந்து. எழுந்து உட்கார்ந்து சுண்டுவிரலைப் பெருவிரலால் தேய்த்தார். வேறு யாருடைய விரலையோ தேய்ப்பதுபோல் இருந்தது.

"கழுத்துல எடுக்கலையே சார்?"

"மரத்துப்போன கையோட வந்தவங்க கழுத்த நான் தொடமாட்டேன். முழங்கையில நரம்பு அழுந்துற மாதிரி தெரியுது. நரம்பு டாக்டருக்கு எழுதித் தரேன், இந்த வாரமே போங்க. கையை மட்டும் எங்கயும் ஊன்றாதீங்க."

"அஞ்சு சத்தம் வந்துச்சே."

"அது முதுகு மூட்டுல சார். அதுக்கும் விரலுக்கும் சம்பந்தமில்ல."

"விரல் எப்ப சரியாகும்?"

"மாசக்கணக்காகலாம். முழுசா வரும்னு இப்ப சொல்ல முடியாது."

அற்புதசாமி தலையாட்டினார். வருத்தம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் கவனித்தார்: பெருவிரல் காய்ப்பில் வெள்ளையாக ஒரு பஞ்சு இழை சிக்கி நின்றது. தட்டில் இருந்த பஞ்சை எடுத்து நகத்தின்மேல் இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. காய்ப்பின்மேல் இழுத்தார். பிடித்தது.

"கொஞ்சம் பஞ்சு கிடைக்குமா சார்?"

லேபில் ரெங்கம்மாளின் புதுச் செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துடைத்து உலரவிட்டார். பஞ்சை விளிம்பில் மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். இடது உட்பக்கம், கடைவாய்க்குக் கீழே, மூன்று இழைகள் நின்றன. அவர் சுண்டுவிரல் இரண்டு முறை தடவியும் தெரியாமல் விட்ட இடம். முழங்கையைத் தூக்கி, கையை நெஞ்சோடு ஒட்டிவைத்துத் தேய்த்தார். கை ஆடியது. நிறுத்தி, ஆட்டம் அடங்கியதும் தேய்த்தார். அரைமணி வேலை மத்தியானம் முழுக்க இழுத்தது. கடைசிச் சுற்றில் பஞ்சு எங்கும் நிற்காமல் வந்தது.

"எத்தனை சத்தம் வந்துச்சு?" என்றாள் செல்வமேரி, சோறு போடும்போது.

"அஞ்சு."

"போயிருச்சா?"

"இல்ல. நரம்பு டாக்டருக்கு எழுதிக் குடுத்திருக்காரு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கே அந்த நரம்பு டாக்டர போய்ப் பாத்துருவோம்."

"வெள்ளிக்கிழமை செட்டக் குடுத்துட்டுப் போலாம்."

வெள்ளிக்கிழமை டாக்டர் பவித்ராவின் கிளினிக்கில் ரெங்கம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இவர்தான் பல்லு பண்றவரா?" என்று பொக்கைவாயால் கேட்டார். "இதுவும் குத்துச்சு, கழட்டி உங்க வாயிலதான் மாட்டுவேன்."

"மாட்டுங்கம்மா," என்றார் அற்புதசாமி.

டாக்டர் பவித்ரா கையுறையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். செட் இருந்த பெட்டியை அற்புதசாமி இரண்டு கையாலும் கொடுத்தார். சுண்டுவிரல்கள் விட்டனவா, இன்னும் பிடித்திருக்கின்றனவா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தார். பெட்டி டாக்டர் கையில் இருந்தது.