அவருடைய மெசின்

கடற்கரை ஹோட்டல் கைமாறியபோது என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறைகளைத் துப்புரவு செய்ய இளம் பிள்ளைகள்தான் வேண்டுமென்று புது முதலாளி நினைத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குக் கீழே குனிந்து, சாக்கில் சுற்றிக் கிடந்த பொலிஷ் மெசினை வெளியே இழுத்தேன். கதிரையில் இருந்த என் கணவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லிங்கநகரில் வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, கார்களுக்குப் பொலிஷ் அடித்து வாழ்ந்தவர்கள் நாங்கள் இருவரும். உப்புக்காற்று எந்த வாகனத்தையும் சீக்கிரம் மங்க வைத்துவிடும் என்பதால் வேலைக்குக் குறைவிருக்கவில்லை. மெசின் அவருடையது. நான் கழுவுவேன், ரப்பர் ஓரங்களில் பொலிஷ் படாமல் ஒட்டுநாடா ஒட்டுவேன், கைப்பிடிகளைச் சுற்றிக் கையால் தேய்ப்பேன், கடைசியில் மெழுகு பூசித் துடைப்பேன். மெசினைத் தொட விடமாட்டார். "உமக்கு ஏலாது. கையை இழுத்துக்கொண்டு போயிடும்" என்பார். அதை அன்பாகத்தான் சொன்னார், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, குசினி வாசலில், பாரிசவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு பாதிச் சொல்லாக, முக்கால் சொல்லாக வந்தது. கொட்டிலை மூடிவிட்டு நான் ஹோட்டலுக்குப் போனேன். அதற்குப் பிறகு பல வருசம் எந்தக் காரிலும் என் கை படவில்லை.

அவரில் இன்னொரு மாற்றமும் வந்திருந்தது. என் அம்மாவின் செத்தவீட்டில், பெட்டியை மூடுகிற நேரம், அவர் வாய்விட்டுச் சிரித்தார். சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. வைத்தியரிடம் கேட்டபோது, "காரணமில்லாமல் சிரிப்பார், அழுவார். அது பாரிசவாத வருத்தத்தின்ர வேலை. அவரில கோவிக்காதேங்கோ" என்றார். கோவிக்காமல் இருக்கப் பழகினேன்.

ஹோட்டல் வேலை போன பிறகு, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார்க் கதவை வாங்கிவந்து அதில் பழகினேன். மெசின் உண்மையாகவே கையை இழுத்தது. தோள்மூட்டு இரவெல்லாம் குத்தியது. ஆனால் கீறல்கள் மெல்ல மெல்ல மறைந்து, அந்தக் கதவில் என் முகம் தெரிந்த நாள் எனக்குள் ஒரு சந்தோசம். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கார் கிண்ணியாவிலிருந்து வந்தது. எங்கள் பழைய வாடிக்கைக்காரர், அரிசிக்கடை வைத்திருப்பவர். கடும் நீலக் கார். மகளுடைய கலியாணத்துக்கு மாப்பிள்ளையை அதில்தான் கூட்டிவரப் போவதாகச் சொன்னார். மெசினைப் பிடிக்கப்போவது யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கதவுகள் நன்றாக வந்தன. கூரையும் முடிந்தது. முன்பக்கப் பொனற்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது என் கணவர் இடது கையால் கதிரைச் சட்டத்தில் தட்டினார். மெசின் இரைச்சலில் முதலில் கேட்கவில்லை. மறுபடியும் பலமாகத் தட்டினார். நான் தலையைத் திருப்பினேன். திருப்பிய அந்தக் கொஞ்ச நேரம் மெசின் பொனற்றின் விளிம்பிலேயே நின்று சுற்றியிருக்கிறது. பெயின்ற் மெல்லிசாக இருக்கிற இடம் அது. தீய்ந்த மணம் வந்தது. நிறுத்திப் பார்த்தேன். நீலம் போய், நகத்தளவுக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"தண்ணி" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். அவசரமாகக் குவளையைச் சாய்த்ததில் அவருடைய சேட்டின் நெஞ்சுப்பக்கமெல்லாம் நனைந்தது. மெழுகைப் பூசிப் பார்த்தேன். சாம்பல் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மறைக்க வழியில்லை.

பின்னேரம் கார்க்காரர் வந்தார். நானே கூட்டிப்போய் விளிம்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், விரலால் தடவினார்.

"என்ன தங்கச்சி இப்பிடிச் செஞ்சிட்டீங்க? மாப்பிள்ள ஊட்டாக்கள் பாத்தா என்னத்த சொல்ற?"

"பிழை என்னில்தான். பெயின்ற் அடிக்கிற ஆளிட்டை நானே கொண்டுபோய் நேராக்கித் தாறன்."

"வேணாம். நானே பாக்கிறன்." கார்த் திறப்புக்கோர்வையை வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "அண்ணன் இருந்த காலத்துல இப்பிடி ஒரு நாளும் நடந்ததில்ல."

அண்ணன் அவருக்குப் பக்கத்திலேயே, கதிரையில், ஈரச் சேட்டோடு இருந்தார். அப்போதுதான் சிரித்தார். பெரிய சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தார். வந்தவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. வருத்தத்தைப் பற்றி விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. கார் வீதியில் ஏறி மறைந்த பிறகும் சிரிப்பு ஓயவில்லை.

அன்று நான் அவரோடு கதைக்கவில்லை. செத்தவீட்டுச் சிரிப்பை மன்னித்த எனக்கு இதை மன்னிக்க ஏலவில்லை. என்னைப் பார்த்தா சிரித்தார்? உயிரோடு இருக்கும்போதே 'இருந்த காலம்' என்று சொன்ன அந்த மனிதனைப் பார்த்தா? மெசின் தன்னை விட்டு வேறு கைக்குப் போய்த் தோற்றதில் ஒரு திருப்தியா? இல்லை, வெறும் வருத்தத்தின் வேலைதானா?

அடுத்த நாள் சோறு ஊட்டும்போது கேட்டே விட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. என்னைப் பார்த்தோ சிரிச்சனீங்கள்?"

நெடுநேரம் சொல்லைத் தேடினார். உதடு கோணி இழுத்தது.

"தெரி... தெரியேல்லை" என்றார். பிறகு, "எனக்கும்" என்றார்.

வாயில் சோற்றோடு அழத் தொடங்கினார். அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

கலியாணம் முடிந்த கிழமை கிண்ணியாக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பொனற்றைப் பெயின்ற் அடித்து நேராக்கிவிட்டாராம், யாரும் கவனிக்கவில்லையாம். அந்தச் சிரிப்பு வருத்தத்தால் வந்தது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். கலியாண வீட்டு இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். என் கணவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "கோவிக்காதீங்க அண்ணன்" என்று அவருடைய செயலற்ற கையைப் பிடித்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கார் எங்களிடம் வரவில்லை.

வேறு வாகனங்கள் வருகின்றன. மெசினைப் பிடிப்பது நான்தான் என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் யோசித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சிலர் திறப்பைத் தருகிறார்கள். போன கிழமை கட்டைபறிச்சானிலிருந்து ஒரு வான் வந்தது, இரண்டு நாள் வேலை. விளிம்புகளை எல்லாம் கையாலேயே தேய்த்தேன்.